பழைய சர்வரோடு கைப்பேசிச் செயலி பேச 'சோப்'

கூட்டுறவுக் கழகச் சந்தா கணக்கையோ நிறுவனத்தின் சம்பளப் பட்டியலையோ கைப்பேசியில் காட்ட நினைத்துச் செயலி எழுத உட்காரும் இளைஞர்கள், சர்வர் பழையதாக இருந்தால் 'சோப்' என்ற பெயரைச் சந்திக்க நேரிடும். குளியலறைச் சோப்போடு இதற்குத் தொடர்பில்லை. இரண்டு கணினிகள் எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறிக்கொள்ளும் விதிமுறை இது. இதன் 1.1 பதிப்பு 2000இலும் 1.2 பதிப்பு 2003இலும் வெளிவந்தன. புதிய சேவைகள் பெரும்பாலும் ஜேசன் வடிவத்துக்கு மாறிவிட்டாலும், அன்று அமைத்தவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

செய்தி ஓர் உறைக்குள் போகிறது. உறைக்குள் உடற்பகுதி கட்டாயம். தலைப்பகுதி தேவைப்பட்டால் மட்டும். சர்வரிடம் என்னென்ன கேட்கலாம், எந்த விவரம் தர வேண்டும் என்பதெல்லாம் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் இருக்கும். அதைப் படிக்காமல் நிரல் எழுதுவது வீண் வேலை. பெயர்வெளி முகவரியின் கடைசிச் சாய்கோடு விடுபட்டாலே சர்வர் கோரிக்கையை ஏற்காமல் போகலாம்.

ஆண்ட்ராய்டுக்கு 'கேசோப்2' என்ற இலவச நிரல் தொகுப்பு உண்டு. ஐபோனில் உறையை எழுத்துகளாகவே கட்டி அனுப்பலாம். ஆனால் பயனர் தட்டச்சு செய்ததில் '&' குறி இருந்தால், அதை மாற்றி எழுதாதவரை எக்ஸ்எம்எல் உடைந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 3.0 முதல், திரையை இயக்கும் முதன்மை இழையிலேயே சர்வரை அழைத்தால் செயலி நின்றுவிடும். பின்னணியில்தான் அழைக்க வேண்டும். கணினியில் போலிக் கைப்பேசி வைத்துச் சோதிப்போர், அதே கணினியிலுள்ள சர்வரை 10.0.2.2 என்ற முகவரியில் அழைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் பூட்டில்லாத 'எச்டிடிபி' இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படும். பலர் அவசரத்துக்கு அந்தத் தடையை நீக்கிவிடுகிறார்கள். அடையாள அட்டை எண் போகும் செயலியில் அப்படிச் செய்யவே கூடாது.

சர்வர் 500 என்று பதில் தந்தால் அதோடு விட்டுவிடாமல் உறையைத் திறந்து பார்ப்பது நல்லது. 'ஃபால்ட்' பகுதியில் காரணம் எழுதியிருக்கும்.

தோட்டப்புறங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அலைவரிசை பலவீனமான இடத்தில் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது என்பதால், சர்வர் வேலையைச் செய்யவில்லை என்று பொருளாகாது. பணம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கலாம். செயலி தானாக மீண்டும் அனுப்பினால் ஒரே சந்தா இருமுறை போய்விடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிக் குறிப்பெண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரும்படி அமைக்க வேண்டும். சோப் இதைத் தானாகச் செய்யாது. சர்வரைப் பராமரிப்பவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய ஏற்பாடு இது.