கேத்தி பள்ளத்தாக்கு

நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே உள்ள மலைப் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேத்தி என்ற பெயரிலேயே பேரூராட்சியும் மலை ரயில் நிலையமும் உண்டு. உலகின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எந்த அளவையில் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இராது. எல்லநள்ளியில் சாலையோரமாக நின்று பார்த்தால் கீழே படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கு மேல் தேயிலை, உச்சியில் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள், நடுநடுவே தோளோடு தோள் ஒட்டிய வீட்டு வரிசைகள். வருவோர் படமெடுத்துப் போகும் இந்தப் பசுமையில் பெரும்பகுதி இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடையாது. உருளைக்கிழங்கு, தேயிலை, கேரட், கற்பூர மரம் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை.

பள்ளத்தாக்கின் ஊர்கள் பெரும்பாலும் படகர்களுடையவை. விஜயநகரம் சரிந்த பிறகு மைசூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதை ஏற்காமல், தாங்கள் இம்மண்ணின் தொல்குடிகளே என்று சொல்லும் படகர்களும் உண்டு. படக நாட்டின் நான்கு சீமைகளில் கேத்தி தொதநாட்டைச் சேர்ந்தது. படகர் ஊருக்கு 'ஹட்டி' என்று பெயர். வீட்டுக்குள் பால் வைக்கும் ஹாகோட்டு அறை புனிதமானது. அன்று ராகி, சாமை, கொரளி விளைந்தன, எருமை மேய்ந்தது. கேத்திக்கு அருகிலுள்ள கொல்லிமலை என்ற கோத்தர் ஊரிலிருந்து (நாமக்கல் கொல்லிமலை வேறு) இரும்புக் கருவியும் மண்பாண்டமும் இசையும் வந்தன. தோதவரிடமிருந்து நெய்யும் குறும்பரிடமிருந்து காட்டுப் பொருளும் கிடைத்தன. பதிலுக்குப் படகர் தானியம் கொடுத்தனர். காசு புழங்காத இந்தக் கொடுக்கல் வாங்கல் 20ஆம் நூற்றாண்டு வரை தேய்ந்தபடியே தொடர்ந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பின் நிலைமை மாறியது. ஐரோப்பியக் காய்கறிகளையும் தானியங்களையும் பயிரிட்டுப் பார்க்க, சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830களின் தொடக்கத்தில் கேத்தியில் அரசுச் சோதனைப் பண்ணை ஒன்று அமைந்தது. அதன் ஆயுள் சில ஆண்டுகள்தான், 1836இல் மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் கேத்தியின் வரலாற்றிலேயே சுவையான பகுதி. மூடிய பண்ணையின் வீடு புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் சேன்-சிமோன் பிரபுவின் கைக்கு வந்தது. புதுச்சேரியின் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு, ஆங்கிலேயர் மண்ணில் என்றாலும் ஒரு குளிர்ந்த வீடு அவருக்கு ஏன் வேண்டியிருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்ணை நடந்த காலத்தில், 1835 அளவில், கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகள் சிலவற்றை அங்கே நட்டிருந்தார்கள். பண்ணையோடு அவையும் கைவிடப்பட்டன. அங்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலர் பெரோத்தே, புதர் மண்டி மூச்சுத் திணறிக் கிடந்த கன்றுகளைப் பார்த்துக் களை நீக்கி, வேர்களுக்கு மண் அணைத்துக் காப்பாற்றினார். 1838 வாக்கில் அவை துளிர்த்துப் பூத்து நின்றன. நீலகிரியில் தேயிலை வளரும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் இது ஒன்று. பெரோத்தே பிற்காலத்தில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பணியாற்றி 1870இல் அந்நகரிலேயே மறைந்தார். நீலகிரித் தேயிலையின் கதையை ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளிடமிருந்து தொடங்குகிறவர்கள் இவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். வணிகத் தோட்டங்கள் வந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்த இடம் அடுத்துச் சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் போனது. அவர் அங்கே ஆடம்பரமான மாளிகை கட்டினார். பின்னர் அது ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜரிடம் வந்தது. அவர் அழைப்பின் பேரில் 1846இல் பாசல் மிஷன் பாதிரியார்கள் கேத்திக்கு வந்து படகர்களிடையே பள்ளி நடத்தினார்கள். மதம் மாறியவர் சிலரே. படிப்பு மட்டும் பலரைத் தொற்றிக்கொண்டது. முதல் உலகப் போரின்போது அந்த மிஷனின் ஜெர்மானியப் பாதிரியார்கள் வெளியேற நேர்ந்தது. போயர் போரில் பிடிபட்டவர்களை அடைத்த முகாமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேத்தியில் இருந்தது. ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்காக 1914இல் கொடைக்கானலில் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் இல்லம் 1922இல் இங்கு இடம்பெயர்ந்தது; லெய்ட்லா நினைவுப் பள்ளி அதைச் சேர்ந்தது. 1949இல் ஊசித் தொழிற்சாலை வந்தது.

குன்னூர் வரை 1899இல் வந்த மலை ரயில் 1908இல் உதகைக்கு நீண்டபோது கேத்திக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் இறுதிக் காட்சி எடுக்கப்பட்டது அங்கேதான். இன்றும் ரயிலிலிருந்து இறங்குவோரில் அந்த நடைமேடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

உருளைக்கிழங்குதான் படக விவசாயியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பயிர். மேட்டுப்பாளையம் மண்டியில் வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்ற 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது; ஆரி கவுடர் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். கிழங்குப் பணத்தில் ஓட்டு வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். 1961இல் உதகைப் பக்கத்து மண்ணில், உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல ஆண்டுகள் கூட்டுக்குள்ளேயே உயிரோடு கிடக்கும் புழு அது. மாற்றுப்பயிர் போடாத வயல்களில் விளைச்சல் விழுந்தது. பலர் சரிவுகளைத் தேயிலைக்கு மாற்றினார்கள்; சிறு விவசாயிகளுக்கான கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் 1965இல் அமைந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அச்சனக்கல் உள்ளிட்ட ஊர்களில் மண் சரிந்தது. மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புல்லும் சோலையும் பிடித்து வைத்திருந்த மண்ணைப் படிக்கட்டாக வெட்டியதும், நீரோடையை மறித்துக் கட்டியதும் சேர்ந்துதான் சேதத்தைப் பெருக்கின. மழையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இன்று பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கேரட்டின் கையில் இருக்கிறது. கேத்தி பாலாடாவில் விடிவதற்கு முன்பே விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் கேரட்டைப் பிடுங்கித் தழையை அறுத்து மூட்டை கட்டுகிறார்கள். மூட்டைகள் கழுவும் இயந்திரத்துக்குப் போகின்றன: சுழலும் உருளைக்குள் தண்ணீர் பீய்ச்ச, செம்மண் கரைந்து ஓட, கேரட் ஆரஞ்சு நிறத்தில் பளபளத்து விழும். அந்தச் சேற்று நீர் ஓடையில் கலக்கிறது என்று கீழே இருப்பவர்கள் புகார் சொல்ல, மாவட்ட நிர்வாகம் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. லாரி காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டும். அங்கே ஏலத்தில் கிடைக்கும் விலையைப் பொறுத்துத்தான் அடுத்த போகத்துக்குக் கேரட்டா, பீட்ரூட்டா, பூண்டா என்று தோட்டக்காரர் முடிவு செய்கிறார். நல்ல விலை தொடர்ந்தால் தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டுக் காய்கறி போடுகிறவர்களும் உண்டு.