இடைசெவல் மாணவர்கள் இருவர்

எம்.ஏ. தமிழ் படித்த இரண்டாண்டுகளில் கம்பராமாயணத்தை ஒருமுறைகூட நான் வாய்விட்டுப் படித்ததில்லை. இன்று அதே பாடத்தை நடத்திக்கொண்டிருப்பவன் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். ஆசிரியர் குறிப்புகளைச் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். கம்பரின் உவமைத் திறன், பாத்திரப் படைப்பு, அறக்கோட்பாடு என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஐந்து பக்கம். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. பாட்டு மட்டும் உள்ளே இறங்கவில்லை.

கரிசல் பூமிக்கு வேலைக்கு வந்த பிறகு, கு. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி. ராஜநாராயணன் பாதுகாத்து வெளியிட்ட தொகுப்பைப் படிக்க நேர்ந்தது. இரண்டு இளைஞர்கள் எவரும் பாடத்திட்டம் வகுத்துத் தராமல் எப்படி இலக்கியம் பயின்றார்கள் என்பது அதில் தெரிகிறது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்க் கல்வி வரலாற்றில் இதற்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது இடைசெவல். 1923-இல் சில நாட்கள் இடைவெளியில் இருவரும் அங்கே பிறந்தார்கள் (கி.ரா.வின் ஆண்டை 1922 என்று குறிப்பவர்களும் உண்டு). இருவருக்கும் தாய்மொழி தெலுங்கு. அழகிரிசாமி பள்ளியிறுதி வரை படித்துப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கி.ரா.வின் பள்ளிப் படிப்போ பாதியிலேயே நின்றுவிட்டது. தாம் பள்ளிக்கூடத்தில் படித்ததென்று ஒன்றுமில்லை என்று பின்னாளில் அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். இளமையிலேயே காசநோய் வேறு. அன்று கோவில்பட்டியில் கல்லூரி கிடையாது. கல்லூரி என்றால் திருநெல்வேலியோ பாளையங்கோட்டையோ போக வேண்டும். சம்சாரி வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமல்ல.

ஆனால் இந்த மண் வெறுமையான மண்ணும் அல்ல. கிழக்கே எட்டயபுரம்: உமறுப் புலவரும் முத்துசாமி தீட்சிதரும் இருந்து மறைந்த ஊர், பாரதி பிறந்த ஊர். மேற்கே கழுகுமலை: சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது அந்த மலை முருகன் மேல். ரெட்டியார் இருபத்தாறு வயதில், 1891-இல் இறந்துபோனார்; சிந்து பட்டிதொட்டியெல்லாம் நின்றுவிட்டது. ஏட்டைத் தொடாதவனுக்கும் அது மனப்பாடம். அதோடு இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் கம்பும் பருத்தியும் வீடு வந்தால் அப்புறம் கோடை முழுக்க மண் வெடித்துக் கிடக்கும். அந்த நீண்ட ஓய்வில் கதையும் பாட்டும் கூத்தும்தான் ஊருக்குத் துணை. கி.ரா.வின் உண்மையான பள்ளிக்கூடம் அதுதான் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். மறுபாதி குற்றாலத்தில் இருக்கிறது.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) வழக்கறிஞர். புலவர் பட்டம் பெற்றவரல்ல. திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியும், பிறகு குற்றாலத்து வீட்டுச் சபையும் தமிழ்நாட்டில் கவிதை கேட்கும் முறையையே மாற்றின. ராஜாஜி, கல்கி, நீதிபதி மகாராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் எல்லாம் அங்கே கேட்டுச் சுவைத்தவர்கள். டி.கே.சி. உரை சொல்வதில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். அழுத்த வேண்டிய சொல்லை அழுத்துவார். பொருள் தானே திறந்துகொள்ளும். இடைசெவல் இளைஞர்கள் இருவரும் அந்தச் சபையைத் தேடிப் போனார்கள். கம்பனை அவர்கள் காதால் கற்றார்கள். இசையில் இருவருக்கும் இருந்த பித்தும் இதற்குத் துணை செய்தது. நல்லப்ப சுவாமிகள் என்ற விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டைக் கேட்டுத் தேறிய செவிகள் அவை.

டி.கே.சி.யிடம் ஒரு குறையும் உண்டு. தமக்குச் சுவைக்காத கம்பன் பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சொற்களையும் தம் செவிக்கேற்ப மாற்றினார். ரசிகனுக்கு அந்த உரிமை இருக்கலாம், பதிப்பாசிரியனுக்குக் கிடையாது. அழகிரிசாமியின் பிற்கால வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுச் சுவைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அரசு வேலையை உதறிச் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். 1952 முதல் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் இருந்தபோது அங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். அதாவது, குற்றாலத்துச் சபையை மலாயாவுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் கம்பராமாயணப் பதிப்புப் பணியில் ஈடுபட்டார், காவடிச்சிந்தையும் பதிப்பித்தார். குழந்தைப் பருவத்தில் காதில் விழுந்த பாட்டுக்குப் பாடம் பார்த்து அச்சேற்றும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கி.ரா. ஊரிலேயே தங்கினார். விவசாயம், விவசாயிகள் சங்கம், சிறை. எழுத வந்ததே முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். எதை எழுதினாலும் முதலில் கண்முன் நிற்கும் வாசகன் அழகிரிசாமிதான். 1970 ஜூலையில் நாற்பத்தாறு வயதில் அழகிரிசாமி இறந்துபோனார். 'அன்பளிப்பு' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அதை வாங்க அவர் இல்லை. 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தது. அந்த நண்பர் அதைப் படிக்கவேயில்லை. ஒரு மாணவன் தன் ஒரே சகமாணவனை இழப்பதென்றால் இதுதான்.

1982-இல் கி.ரா. வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். பேராசிரியர்கள் குழு செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி செய்து முடித்தார். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு அகாதெமி விருது. ஒரு சிற்றூரின் ஒரே தலைமுறையில் இரண்டு விருதுகள்! 2021 மே மாதம் புதுவையில் மறைந்தார். உடல் இடைசெவலுக்கே வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் குறிப்பேடுகளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, கம்பனில் ஒரே ஒரு பாட்டை ஐந்தாறு முறை படித்தேன். என் குரல் அதற்கு ஏற்றதல்ல. இரண்டு இடத்தில் தடுமாறினேன். முதல் வரிசையில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கத் துணியாமல் மனதுக்குள் வைத்திருந்தவன்தான் நான். வராது என்றேன். தீப்பெட்டி ஆலைக்குப் போய்வரும் தாய்க்குப் பிறந்த ஒரு மாணவி, கடைசி வரிசையிலிருந்து, "இன்னொரு தடவ படிங்க ஐயா" என்றார். படித்தேன். இம்முறை தடுமாறவில்லை.