மக் டைவிங்: சேற்றடியில் ஒரு தேடல்

பவளப்பாறைகளை விடுத்து, சேறும் கருமணலும் படிந்த கடலடியில் விநோதமான சிற்றுயிர்களைத் தேடி முக்குளிப்பதே 'மக் டைவிங்'. பப்புவா நியூ கினியில் பாப் ஹால்ஸ்டெட் இட்ட பெயர் இது. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணை இதற்குப் பேர்போனது. மறைவிடம் இல்லாத சேற்றில் பிழைக்க வேடமே வழி. சிங்கமீனாகவும் கடற்பாம்பாகவும் உருக்காட்டும் மிமிக் ஆக்டோபஸ், 1998-இல் சுலாவேசிச் சேற்றடியில்தான் கண்டறியப்பட்டது.

இலண்டனிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. 1957-இல் உயிரற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட தேம்ஸ் ஆற்றில், கழிவுநீர் சுத்திகரிப்பு மேம்பட்ட பிறகு குட்டைமூக்குக் கடற்குதிரைகள் காணக் கிடைக்கின்றன. 2008 முதல் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே தொந்தரவு செய்வது குற்றம். எங்கு முக்குளித்தாலும் முதலில் பழகவேண்டியது, காலால் சேற்றைக் கிளறாமல் மிதப்பது. கலங்கினால் அவ்வுயிர்களுக்கும் கேடு. தேடி வந்தவர் கண்ணுக்கும் எதுவும் தெரியாது.