ஃபிம்பர் கணவாய் மலைமிதிவண்டிப் பாதை

ஃபிம்பர் கணவாய் கிழக்கு ஆல்ப்ஸின் சில்வ்ரெட்டா மலைத்தொகுதியில் 2,608 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரோமான்ஷ் மொழியில் இது குவோல்மென் த்ஃபெங்கா எனப்படும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்து இஷ்கிள் ஊரையும் சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்துக் கீழ் எங்கடின் பள்ளத்தாக்கையும் இதன்வழிச் செல்லும் பாதை இணைக்கிறது. ஆல்ப்ஸை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் மலைமிதிவண்டிப் பயணங்களில் இது பெயர்பெற்ற கட்டம். நீண்ட ஏற்றம், வண்டியைத் தள்ளியும் சுமந்தும் செல்லும் பகுதி, கரடுமுரடான இறக்கம் என மூன்றும் ஒரே நாளில் வருவதே இதன் கடினம்.

அமைவிடம்

நாட்டு எல்லை கணவாயின் முகட்டில் இல்லை. அது வடக்கே ஃபிம்பா பள்ளத்தாக்கின் நடுவே, முகட்டுக்கு வெகு கீழே ஓடுகிறது. மேல் பள்ளத்தாக்கின் புல்வெளிகள் நெடுங்காலம் எங்கடின் ஊர்களின் மேய்ச்சல் நிலமாக இருந்ததே இதற்குக் காரணம். இதனால் கணவாயின் இரு சரிவுகளும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவை. இரு பக்கத்து நீரும் இன் ஆற்றையே அடைகிறது: தெற்கே பிராங்க்லா ஓடை ரமோஷ் ஊரருகே அதில் கலக்க, வடபக்க நீர் திரிசானா, சானா ஆறுகளின் வழியே சுற்றி லாண்டெக் நகரில் சேர்கிறது.

நிலவியல்

கணவாய்ப் பகுதி ‘எங்கடின் சாளரம்’ எனப்படும் அமைப்பின் ஓரத்தில் உள்ளது. மேலே போர்வையாகக் கிடந்த பழைய படிகப் பாறை அரிக்கப்பட்டதால், அடியிலிருந்த மென்மையான களிப்பலகைப் பாறைகள் இங்கே வெளித்தெரிகின்றன. தென்சரிவின் ஒற்றையடிப் பாதை இத்தகைய பாறை மீது செல்வதால், மழை பெய்தால் வழுக்கும். நீரோட்டம் அதில் ஆழமான சால்களை அறுத்துவிடும்.

வரலாறு

ஃபிம்பா பள்ளத்தாக்கில் கற்கால வேட்டையரும் இரும்புக்கால மேய்ப்பரும் தங்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. இடைக்காலத்தில் எங்கடினிலிருந்து ரோமான்ஷ் மொழி பேசுவோர் மலை கடந்து இஷ்கிள் பகுதியில் குடியேறினர். கணவாய்க்கு வடக்கே 2,264 மீட்டர் உயரத்திலுள்ள ஹைடல்பெர்க் மலைக்குடில் 1889இல் கட்டப்பட்டது. ஜெர்மன் ஆல்ப்ஸ் கழகத்துக்குச் சொந்தமான இக்குடில் நிற்பது சுவிஸ் மண்ணில்.

மலைமிதிவண்டி உலகில் இப்பாதை அறிமுகமானது 1980களின் இறுதியில். ஜெர்மனியின் ஒபர்ஸ்ட்டோர்ஃப் நகரிலிருந்து இத்தாலியின் கார்டா ஏரிக்கரை ஊரான ரீவா வரை ஆண்ட்ரியாஸ் ஹெக்மயர் வகுத்த வழியில் ஃபிம்பர் கணவாய் இடம்பெற்றது. ஐகர் சிகரத்தின் வடமுகத்தில் 1938இல் முதன்முதலாக ஏறிய குழுவைச் சேர்ந்த அன்டர்ல் ஹெக்மயரின் மகன் இவர். அவ்வழி இன்றும் ‘ஹெக்மயர் பாதை’ என்றே வழங்குகிறது.

ஏற்றம்

இஷ்கிள் 1,377 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மலைக்குடில் வரை ஏறத்தாழ 890 மீட்டர் ஏற வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பியதும் வரும் செங்குத்தான பகுதியைத் தாண்டினால், போடனால்பே விடுதிக்கு மேல் பள்ளத்தாக்கு விரிந்து சரிவு தணிகிறது. குடில் வரை சரளைச் சாலை உண்டு. கேபிள் காரில் இடால்ப் வரை சென்று பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கீழ்ப்பகுதி ஏற்றத்தைத் தவிர்ப்போரும் உண்டு.

குடிலுக்கு மேல் எஞ்சிய சுமார் 340 மீட்டர் ஏற்றம் ஒற்றையடிப் பாதையில். தேர்ந்த ஓட்டுநர்களும் இதன் பெரும்பகுதியில் இறங்கித் தள்ளுகின்றனர். பாறைகளிடையே வண்டியைத் தோளில் ஏற்றுவதும் வழக்கம். 2,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்பங்குக்கு மேல் குறைவு என்பதால் மூச்சு விரைவில் இரைக்கும்.

இறக்கம்

கணவாயிலிருந்து 1,231 மீட்டரிலுள்ள ரமோஷ் வரை ஏறத்தாழ 1,375 மீட்டர் இறக்கம். முகட்டை அடுத்த பகுதி கொண்டை ஊசி வளைவுகளும் உதிர்கற்களும் நிறைந்தது. ஒற்றையடிப் பாதைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை தரப்படுத்தும் அளவுகோலில் பெரும்பாலும் எஸ்2, சில இடங்களில் எஸ்3. கிரியோஷ் பண்ணைக்கு வந்தபின் பாதை அகன்று எளிதாகிறது. அங்கிருந்து வ்னா வழியாக ரமோஷுக்கு இறங்கலாம். அல்லது சுவோர்ட், வால் சினெஸ்ட்ரா வழியாகச் சென்ட் ஊருக்குச் செல்லலாம்.

வண்டி

இரு சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் உள்ள, சுமந்து செல்லத்தக்க எடைகொண்ட வண்டி ஏற்றது. மின்மோட்டார் வண்டி குடில் வரை உதவும். அதற்கு மேல் அதன் எடையே சுமை. இறக்கத்தில் பிரேக்கே முதன்மை. வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால், ரமோஷ் வரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 13.5 லட்சம் ஜூல். அதில் பெரும்பங்கு பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. இடைவிடாது பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் பிடிமானம் தளரும். விட்டுவிட்டு அழுத்துவதும், இடையிடையே நின்று ஆறவிடுவதும் நல்லது.

பருவமும் இடர்களும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். கோடைத் தொடக்கத்தில் முகட்டருகே உறைபனித் திட்டுகள் எஞ்சியிருக்கும். ஆகஸ்டிலும் புதுப்பனி பெய்யலாம். பிற்பகல் இடிமழை பெரும் இடர் என்பதால், காலையிலேயே கணவாயைக் கடப்பதே முறை. மலை மீட்புக்கு ஆஸ்திரியாவில் 140, சுவிட்சர்லாந்தில் 1414 என்ற எண்களை அழைக்க வேண்டும்.

சட்டம்

எல்லையோடு விதியும் மாறுகிறது. ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச்சட்டப்படி, காட்டில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. மிதிவண்டி ஓட்ட நில உரிமையாளரின் இசைவு தேவை. ஆகவே டிரோலில் மிதிவண்டிக்கெனத் திறந்துவிடப்பட்ட பாதைகளில் மட்டுமே ஓட்டலாம். கிராவ்புண்டனில் நடைபாதைகளை நடப்போரும் ஓட்டுவோரும் பகிர்ந்துகொள்கின்றனர், முன்னுரிமை நடப்போருக்கே.

தொடர்ச்சி

ரமோஷிலிருந்து தெற்கே செல்வோர் பலர் சுர் என் வழியாக உயினா பள்ளத்தாக்கில் ஏறுகின்றனர். அங்கே 1908–1910இல் செங்குத்துப் பாறையைக் குடைந்து அமைத்த குறுகிய பாதையில் மிதிவண்டி ஓட்டத் தடை உள்ளது. தள்ளிச் செல்ல வேண்டும். அதைக் கடந்தால் ஷ்லினிக் கணவாய் வழியாக இத்தாலியின் தென் டிரோல் பகுதியை அடையலாம்.