எண்வட்டும் வெற்றுத் தகடும்: நாஞ்சில் நாட்டுப் பழந்தொலைபேசிச் சீரமைப்பில் சான்றுச் சிக்கல்

பழைய சுழல்வட்டுத் தொலைபேசிகளைத் திரட்டுவோர் பெரிதும் நாடுவது முழுமையான கருவியையே. கறுப்பு பேக்கலைட் உடல் பளபளக்க வேண்டும். எண்வட்டு தடையின்றிச் சுழன்று திரும்ப வேண்டும். மணி ஒலிக்க வேண்டும். அவ்வாறு சீரமைக்கப்பட்ட கருவி வரலாற்றுச் சான்றாகவும் எஞ்சுகிறதா என்பது வேறு வினா. ஆட்சி எல்லை மாறிய நாஞ்சில் நாட்டில் இவ்வினா கூடுதல் கனம் பெறுகிறது.

மரபாக நாஞ்சில் நாடு எனப்பட்ட தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள், கல்குளம், விளவங்கோடு வட்டங்களுடன் சேர்ந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் இணைந்தன. திருவிதாங்கூருக்கே உரிய ‘அஞ்சல்’ துறை அதற்கு முன்னரே, 1951இல், இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அத்துறையின் வரலாற்றை எழுதுவோருக்குச் சங்குச் சின்னம் பொறித்த தபால் தலைகள் துணை நிற்கின்றன. தொலைபேசிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பெரும்பாலும் கருவியே ஆவணம்.

எண்வட்டு என்பது தானியங்கி இணைப்பகத்தின் உறுப்பு. அல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற முறையில், சந்தாதாரர் அனுப்பும் மின்துடிப்புகளே இணைப்பைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்தியாவின் முதல் தானியங்கி இணைப்பகம் 1913–14இல் சிம்லாவில் நிறுவப்பட்டது. எனினும் சிற்றூர்களில் கைமுறை இணைப்பகங்களே நெடுங்காலம் இயங்கின. அங்குக் கைபேசிப் பிடியை எடுத்தால் பணியாளர் குரல் கேட்கும். எண்ணை வாயால் கூற வேண்டும். வட்டுக்குப் பயனில்லாத அத்தகைய கருவிகளில் அதன் இடத்தை வெற்றுத் தகடொன்று மூடியிருக்கும். இதனைக் குறைபாடு எனக் கருதி, வேறொரு கருவியின் வட்டைப் பொருத்திவிடுவது சீரமைப்பாளரிடையே எளிதில் நிகழும் பிழை. கருவி அழகு பெறுகிறது. ஓர் ஊர் கைமுறை இணைப்பில் இருந்ததற்கான தடயமோ அழிகிறது. நிறம் மங்கிய உடலைவிட இவ்விழப்பே பெரிது.

வட்டின் நடுவிலுள்ள எண் அட்டையும் இவ்வாறே கவனத்துக்குரியது. கருவிகள் துறையின் உடைமையாக இருந்தன. சந்தாதாரர் வாடகைதாரர் மட்டுமே. ஆகவே பழம்பொருள் கடையில் கிடைக்கும் கருவி எவ்வூரில் இருந்தது என்பதைக் கடைக்காரரால் பெரும்பாலும் கூற இயலாது. மங்கிய அட்டை சில வேளை கூறும். எண்ணின் இலக்க நீளமே இணைப்பகத்தின் அளவை ஓரளவு உணர்த்தும். தொலைதூரக் குறியீடுகளும் நோக்கத்தக்கவை. நாகர்கோவிலின் 04652, குழித்துறையின் 04651 ஆகியவை தூத்துக்குடி 0461, திருநெல்வேலி 0462 ஆகியவற்றின் வரிசையில் அமைகின்றன, திருவனந்தபுரமோ 0471. 1956இன் எல்லைக்கோடு எண்களிலும் படிந்துள்ளது எனலாம். சுழியத்துக்குப் பத்துத் துடிப்புகள் என்பதால், நாகர்கோவிலின் குறியீட்டைச் சுழற்ற மட்டும் 27 துடிப்புகள் தேவை. நொடிக்குப் பத்து என்ற வேகத்தில், விரல் வட்டை மீண்டும் இழுக்கும் இடைவெளி நீங்கலாக, 2.7 நொடிகள்.

கடலோரக் காற்று இக்கருவிகளுக்குப் பகை. ஈரத்தால் ஒலிவாங்கியின் கரித்துகள்கள் இறுகிக் குரல் மங்கும். உப்பு, வட்டின் தொடுமுனைகளை அரிக்கும். காகித மின்தேக்கிகள் கசியும். இவற்றை மாற்றாமல் கருவியை இயக்க இயலாது. மாற்றுவது தவறன்று, கழற்றியதை எறிந்துவிடுவதே தவறு. அடித்தகட்டின் முத்திரைகளைத் தேய்த்து மெருகேற்றுவதும் அவ்வகையினதே. பெங்களூரில் 1948இல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் படைப்பா, இறக்குமதிக் கருவியா என்பதை அறிய அம்முத்திரைகளே முதல் வழி. இன்றைய இணைப்புகளில் பல, துடிப்புகளை ஏற்பதில்லை. அதற்காக உட்சுற்றை மாற்றுவதைவிட, துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு கருவியைச் சுவரருகே கம்பியில் இணைப்பது போதும். உள்ளிருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை.