பொறுமை சொன்னோம், புண்ணைக் கேட்டோமில்லை: தண்டுவடக் காயத்தின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞரை நலம் விசாரிக்கச் சென்றோம். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. "பொறுமையாக இருங்கள் தம்பி, அல்லாஹ் போதுமானவன்" என்று கூறி, துஆச் செய்து எழுந்தோம். அவர் முதுகில் படுக்கைப்புண் பரவிக்கொண்டிருந்ததை எங்களில் எவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் அவர் வஃபாத்தானார். முறிந்த எலும்பு அன்று, அந்தப் புண்ணே அவரைக் கொண்டு சென்றது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இவ்வறியாமை பழமையானது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்து முள்ளெலும்பு நழுவிக் கைகால் உணர்விழந்தவரைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்டவர் என ஒதுக்குகிறது. முதல் உலகப் போர்க்காலத்திலும் இவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர்.

இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்து சென்ற யூத மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். உணர்வற்ற உடல் வலியைச் சொல்லாது. ஒரே பக்கமாய்க் கிடந்தால், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகும். ஆகவே நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பேணினார். உயிர் தங்கியது. பின்னர் அவர்களுக்குத் தொழிலும் விளையாட்டும் கற்பித்தார். 1948 ஜூலை 29இல் 16 பேர் அங்கு நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

நம் தமிழகத்திலும் இவ்வரலாற்றுக்கு ஓர் ஏடு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று உருவாயிற்று. நோயாளியாய்க் கிடந்தவரே பிறருக்கு மருத்துவரானார்.

இவ்வரலாறு நம் இல்லங்களுக்கும் பொருந்தும். உடலைப் புரட்ட இரண்டு கைகள் போதும். புண் வருகிறதா எனத் தோலைப் பார்க்க நாள்தோறும் சில நிமிடங்கள் போதும். நிற்க இயலாதவருக்கு அமர்ந்தும், அதுவும் இயலாதவருக்குச் சாய்ந்தும் தொழ மார்க்கம் வழிவிட்டிருக்கிறது. ஆனால் நம் பள்ளிவாசலின் படிக்கட்டுகள் அவருக்கு வழிவிடுவதில்லை. அங்கே ஒரு சாய்தளம் அமைப்பது ஜமாஅத்தாருக்குப் பெரிய செலவன்று.

அடுத்த முறை இத்தகையவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது பொறுமையைச் சொல்வோம். "கடைசியாக எப்போது புரட்டிப் படுக்கவைத்தீர்கள்?" என்று வீட்டாரிடம் கேட்கவும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.