நாள் குறிக்காத ஆயத்தம்: கொழும்புத் தமிழ்ச் சபைகளும் இரண்டாம் வருகையின் காலமும்

கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபை ஏற்றிருந்த பெல்ஜிய விசுவாச அறிக்கை, கிறிஸ்து திரும்பி வரும் காலம் படைக்கப்பட்ட எவருக்கும் தெரியாது என்று தன் 37ஆம் பிரிவில் சொல்கிறது. கொழும்பில் பிறந்து அச்சபையின் குருவாகி, 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பிலிப்பு தெ மெல்லோ கற்றதும் கற்பித்ததும் இந்த எல்லைக்குள்தான். பின்னாளில் நாளைக் கணிக்கும் ஆசை கடல் கடந்து பலமுறை வந்தது. இங்கே வேர்பிடித்ததோ, கணக்கை விட்டு ஆயத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்ட போதனை. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதையே.

கணக்கின் முறை எளியது. எண்ணாகமம் 14, எசேக்கியேல் 4 ஆகிய அதிகாரங்களைக் கொண்டு தீர்க்கதரிசன நாள் ஒன்றை ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 1260 நாட்கள் அப்போது 1260 ஆண்டுகளாகும். கி.பி. 538இலிருந்து எண்ணினால் 1798 வரும். அந்த ஆண்டு பிரெஞ்சுப் படை ரோமில் நுழைந்து பாப்பரசர் ஆறாம் பயஸைச் சிறைபிடித்தது. இங்கிலாந்தின் வேத வாசகர் பலருக்குக் கணக்கு கண்முன்னே பலித்ததாகத் தோன்றியது. அதே ஐரோப்பியப் போர்களின் விளைவாகவே 1796 பெப்ரவரியில் கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு வந்தது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் இத்தீவில் இறங்கியபோது, அந்தத் தலைமுறையின் எதிர்பார்ப்பும் அவர்களோடு இறங்கியது.

கணக்கு பலமுறை பொய்த்தது. தானியேல் 8ஆம் அதிகாரத்தின் 2300 நாட்களைக் கி.மு. 457இலிருந்து எண்ணிய வில்லியம் மில்லரின் இயக்கம் 1844 அக்டோபர் 22ஐக் குறித்தது. அந்த நாள் கடந்து போனது. நமக்கு இன்னும் நெருங்கிய நிகழ்வு திருவிதாங்கூரில் நடந்தது. கிறிஸ்டியான்பேட்டைச் சுவிசேஷகர் அருளப்பன் காலத்தில் 1860இல் திருநெல்வேலிச் சீமையில் மூண்ட எழுப்புதலின் அலை அங்கும் பரவியிருந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து ஆங்கிலிக்கன் குருவான யூஸ்துஸ் யோசேப்பின் கூட்டத்தார், ஆறே ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என்று 1875இல் அறிவித்தார்கள். மிஷனரிகள் அவர்களை ஆறாண்டுக் கட்சி என்றே எழுதினர். 1881 வந்தது, போனது. கூட்டம் தனி மார்க்கமாக ஒதுங்கிச் சுருங்கியது.

அதே 1881இல் திருச்சூர்ப் பகுதியில் ராமன்குட்டி என்ற குழந்தை பிறந்தது. சிறு வயதிலேயே இலங்கை வந்து கிறிஸ்தவரான அவரைத்தான் பாஸ்டர் பால் என்று வரலாறு அறியும். 1923ஐ ஒட்டி அவரும் ஆல்வின் டி அல்விஸும் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷனின் மூச்சே இரண்டாம் வருகைதான். ஆனால் அழுத்தம் ஆண்டில் விழவில்லை. வருகை இன்றிரவே நேரலாம், ஆகவே இன்றே பரிசுத்தமாய் இரு என்பதுதான் செய்தி. ஊழியர்கள் மணம் முடிப்பதில்லை, சம்பளம் வாங்குவதில்லை. உடைமைகளைத் துறந்து, வெள்ளை உடுத்து, விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். காலம் பற்றிய கோட்பாடு இங்கே அன்றாட ஒழுங்காகவே மாறிவிட்டது. குறித்த நாள் கடந்தால் நாள் குறித்தவர் தோற்கிறார். இந்த வாழ்வைத் தோற்கடிக்க எந்த நாட்காட்டியாலும் இயலாது. கொழும்பில் எழுந்த இச்சபை தமிழகம், கேரளம் என்று பரவி, இன்று சென்னையை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு உலகெங்கும் கிளைத்திருப்பதற்கு இதையே முதற்காரணமாகக் கருதுகிறேன். இதற்கு விலையும் உண்டு. மருந்தை நாடாமல் ஜெபத்தையே நம்பும் அவர்களுடைய போதனையை நோயாளியின் படுக்கையருகே நின்று எண்ணிப் பார்க்கும்போது என் மனம் கனக்கிறது.

கத்தோலிக்கக் கொட்டாஞ்சேனைக்கு இந்த விவாதம் அதிகம் இல்லை. கிறிஸ்து வந்து பூமியில் ஆள்வார் என்னும் ஆயிரவருட அரசாட்சியை மிதமான வடிவிலும் பாதுகாப்பான போதனையாகக் கொள்ள முடியாது என்று 1944இல் ரோம் அறிவித்துவிட்டது. வெஸ்லியன் மிஷனரிகளின் வழிவந்த மெதடிஸ்தரிடமோ ஆழமான மாற்றம் நிகழ்ந்தது. தெல்லிப்பழையில் பிறந்த டி. டி. நைல்ஸ் 1961இல் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் மோசேயை நினைவூட்டும் தலைப்பு அதற்கு. வருங்கால நிகழ்ச்சிநிரலாக அல்லாமல், துன்பத்தில் இருக்கும் சபை காணாதவரைக் கண்டு நிலைத்திருக்கும் சாட்சியாகத் திருமறையின் இறுதி நூலை அணுகியது, ஆசிய இறையியலுக்கு நைல்ஸ் தந்த கொடை.

அதன் பிறகும் கணக்குகள் ஓயவில்லை. 1948இல் இஸ்ரவேல் பிறந்தது, ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டு, எனவே 1988 என்றார் அமெரிக்கர் எட்கர் விசனன்ட். அந்த 1988இல் இலங்கையின் தெற்கும் வடக்கும் தத்தம் நெருப்பில் எரிந்துகொண்டிருந்தன. எருசலேமை மட்டும் கடிகாரமாகக் கொண்ட கணக்கில் அந்த நெருப்புக்கு இடமே இல்லை.

இந்தத் தலைமுறைக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி கி.பி. 70இல் ரோமர் எருசலேமை அழித்தபோதே நிறைவேறியது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வதிகாரத்தில் காலக் குறிப்புகளுக்கு நடுவே, வயலில் இருப்பவன் உடுப்பை எடுக்கத் திரும்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும், கர்ப்பவதிகளுக்கான இரக்கமும், மாரிகாலத்தில் ஓட நேராதபடி ஜெபிக்கச் சொல்லும் கட்டளையும் உண்டு. 1995 அக்டோபர் 30 இரவு, போரின் நடுவே, மழையில் யாழ்ப்பாணத்தைவிட்டு இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் தங்கின. கணிப்பாளர்கள் தாண்டிச் செல்லும் அந்த வசனங்களையே அதிகாரத்தின் மையமாக வைத்து வாசிக்கும் தகுதி, அந்த அறைகளில் ஜெபித்தவர்களுக்கு எவரையும்விட அதிகம்.